மடிநோய்: செட்டிநாட்டுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, குன்றக்குடி, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் ஒன்று இரண்டு முதல் பத்துப் பதினைந்து வரை கறவை மாடு வைத்து, வீடுகளுக்கும் சொசைட்டிக்கும் பால் ஊற்றுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆராய்ச்சி சொல்லும் பதிலை நம் ஊர்த் தொழுவத்துக்குப் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறேன். மருத்துவரைக் கூப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

மடி வீங்கவில்லை, பால் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அப்புறம் எப்படி மடிநோய் என்கிறீர்கள்?

வெளியே தெரிகிற மடிநோய் கொஞ்சம்தான். மடி சிவந்து வீங்குவது, பால் திரிவது, ரத்தம் கலந்து வருவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளுக்குள் இருப்பது அதைவிடப் பல மடங்கு. இதை மறைமுக மடிநோய் என்பார்கள். உலகத்தில் எங்கே மாடுகளைச் சோதித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் இதுதான் அதிகம்.

மடிக்குள் கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் பாலுக்குள் இறங்கும். நல்ல மடிப் பாலில் ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே இந்த அணுக்கள் இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் அந்த மடியில் தொற்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது ஆராய்ச்சியாளர்களின் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 4 லட்சத்துக்கு மேல் போனால் பாலைக் கொள்முதல் செய்ய மாட்டார்கள். நம் பக்கம் சொசைட்டியில் இந்த எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை, அதனால் நமக்கும் தெரிவதில்லை.

நஷ்டம் எங்கே என்றால், பால் சுரக்கும் நுண்ணறைகள் கிருமியின் நஞ்சாலும் இந்தச் சண்டையாலும் சேதமாகின்றன. அந்த இடம் தழும்பாகிவிட்டால் அந்த ஈற்றில் பழைய கறவை திரும்பாது. ‘மாடு கொஞ்சம் பால் குறைச்சிருச்சு, தீவனம் பத்தலை போல’ என்று புண்ணாக்கைக் கூட்டுகிறோம். மடியைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றுவதில்லை.

சொசைட்டியில் எஸ்.என்.எஃப். குறைந்துவிட்டது என்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. எஸ்.என்.எஃப். என்பது பாலில் கொழுப்பு நீங்கலாக உள்ள திடப்பொருளின் அளவு. தொற்றுள்ள மடியில் பால் சர்க்கரை குறையும், கேசின் புரதமும் குறையும். அதற்குப் பதிலாக ரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் உள்ளே கசியும். அந்தப் பால் லேசாக உப்புக் கரிப்பது அதனால்தான். தீவனம் மாறாமல், தண்ணீர் கலக்காமல் எஸ்.என்.எஃப். இறங்கினால் நாலு காம்பையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். அப்புறம் சொசைட்டிச் செயலாளரிடம் சண்டைக்குப் போகலாம்.

கன்று ஈன்ற புதிதில் கண்ணு பட்டுத்தான் மடி கல்லாகிப் போச்சு என்கிறார்கள் வீட்டில் பெரியவர்கள்.

பெரியவர்கள் கவனித்த காலம் சரிதான். கன்று ஈன்ற முதல் ஒன்றிரண்டு வாரத்தில்தான் மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும். பால் வற்றியிருந்தபோது நுழைந்த கிருமி அப்போதுதான் தலைதூக்கும். சீம்பால் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து, ‘அடேயப்பா, என்ன மடி!’ என்று சொல்லிவிட்டுப் போவதும் அந்த வாரத்தில்தான். திருஷ்டி சுற்றுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை ஆச்சி, சுற்றிவிட்டு மருத்துவருக்கும் போன் போடுங்கள்.

எந்தக் கிருமி? எப்படி உள்ளே போகிறது?

காம்பின் நுனியில் இருக்கும் துளை வழியாகத்தான் பெரும்பாலும் எல்லாமே போகிறது. அந்தத் துளைக்குழாய் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். கறக்காத நேரத்தில் தசை அதை இறுக்கிப் பிடித்திருக்கும், உள்சுவரில் கெரட்டின் என்ற பூச்சு இருக்கும். கறந்து முடித்ததும் அரைமணி நேரம், சில மாடுகளுக்கு இரண்டு மணி நேரம் வரைகூட, அந்தத் துளை முழுதாக மூடாது. மடிநோய்த் தடுப்பு ஆராய்ச்சியில் பாதி இந்த ஒரு சென்டிமீட்டரையும் அந்த அரைமணியையும் பற்றியதுதான்.

கிருமிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். முதல் கூட்டம் மாட்டிலிருந்து மாட்டுக்குத் தாவுவது. கறப்பவர் கை, மடி துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் ரப்பர் ஆகியவை அதற்கு வாகனம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே இரண்டும் இதில் முக்கியமானவை. அகலாக்டியேவை 1887இலேயே பிரான்சில் நோக்கார், மொலெரோ இருவரும் பசு மடியிலிருந்து விவரித்துவிட்டார்கள். அது மாட்டு மடியை விட்டால் பிழைக்கச் சிரமப்படும், பென்சிலினுக்கும் பணிந்துவிடும். அதனால் ஒரு பண்ணையிலிருந்து அதை முழுதாக ஒழிக்க முடியும். ஆரியஸ் அப்படி அடங்காது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் கூட்டம் சாணி, சேறு, ஈரப் படுக்கை ஆகியவற்றில் இருப்பது. ஈ. கோலை, க்ளெப்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் இதில் சேரும். மாடு படுக்கும்போது இவை காம்பில் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

மூன்று வழி உண்டு. செலவில்லாதது, கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலை ஒரு கறுப்புத் துணி கட்டிய குவளையில் விட்டுப் பார்ப்பது. திரி, செதில், தண்ணீர் மாதிரிப் பால் எதுவானாலும் கறுப்பில் பளிச்சென்று தெரியும். தரையில் பீய்ச்சாதீர்கள். தரையில் விழுந்தால் ஒன்றும் தெரியாது, கிருமியும் அங்கேயே பரவும்.

இரண்டாவது, கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை. 1957இல் ஷால்ம், நூர்லாண்டர் இருவரும் உருவாக்கியது, இன்றுவரை மாட்டுக் கொட்டகையில் இதை மிஞ்ச ஒன்று வரவில்லை. நாலு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாக எடுத்து, சம அளவு மருந்துக் கரைசல் ஊற்றிப் பத்து விநாடி தட்டைச் சுழற்ற வேண்டும். கரைசலில் இருப்பது ஒருவகைச் சோப்பு. அது வெள்ளையணுவை உடைக்கும், உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து பாலைக் கொழகொழப்பாக்கும். அணு கூடக்கூடக் கொழகொழப்பும் கூடும். மோசமான மடிப் பால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி தட்டின் நடுவில் திரண்டு நிற்கும். இருபது விநாடிக்குள் பார்த்துவிட வேண்டும், நேரம் போனால் கொழகொழப்பு கலைந்துவிடும்.

மூன்றாவது, அதே வேலையைத் துணி துவைக்கும் சோப்புத்தூளால் செய்வது. பாகிஸ்தானின் பைசலாபாத் பல்கலைக்கழகத்தார் இதை முறையாகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் தூள், அதாவது 3 விழுக்காட்டுக் கரைசல். பாலும் கரைசலும் சம அளவு, அதே சுழற்றல். சந்தேகமான காம்பைப் பிடிக்க இது போதும். சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள், கன்றுக்கு ஊற்ற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: கன்று ஈன்ற முதல் சில நாளும், வற்றப்போகிற கடைசி நாட்களும் எல்லாக் காம்பிலும் அணுக்கள் கூடுதலாகத்தான் இருக்கும். அப்போது நாலும் ஒரே மாதிரி கொழகொழத்தால் பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதைக் கவனியுங்கள்.

கறக்கும் முன் மடி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். அது நல்லதுதானே?

இதில்தான் பலருக்கும் என்மேல் வருத்தம். சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரை மடிமேல் வீசிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கறப்பதைவிடக் கழுவாமல் கறப்பது மேல். மடியின் மேல்பக்கத்து அழுக்கெல்லாம் தண்ணீரோடு இறங்கிக் காம்பு நுனியில் வந்து நிற்கும், அங்கிருந்து பால் பாத்திரத்துக்கும் காம்புத் துளைக்கும் போகும்.

அழுக்கில்லாத காம்பைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். சேறு அப்பியிருந்தால் காம்பை மட்டும் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டுக் கறக்க வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. ஒரே துண்டால் ஐந்து மாட்டைத் துடைத்தால் அந்தத் துண்டுதான் நோயைப் பரப்பும். பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, தினமும் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு வேறு கிருமிநாசினி வேண்டாம்.

எங்களுக்குக் கறவைக்காரர் வந்துதான் கறந்து தருகிறார். காலையில் ஏழெட்டு வீடு பார்ப்பார். அவரிடம் என்ன சொல்வது?

வயல் வேலைக்கும் வெளியூருக்கும் ஆள் போய்விட்ட ஊர்களில் வேறு வழியில்லை, அவர் வந்தால்தான் பால். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் வீட்டு மாட்டின் ஆரியஸ் எட்டாவது வீட்டுக்குப் போக அவர் கையைவிட நல்ல வழி கிடையாது. வாசலில் ஒரு சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் சுத்தமான துண்டும் வைத்துவிடுங்கள். ‘கை கழுவுங்கண்ணே’ என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், அங்கே இருப்பதைப் பார்த்தே அவர் கழுவிவிடுவார். உங்களிடமே இரண்டு மூன்று மாடு இருந்தால் நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்கச் சொல்லுங்கள். அதிலும் நோயுள்ள காம்பு கடைசி.

இன்னொன்று, கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியால் காம்பை அழுத்தி இழுக்கும் பழக்கம். காம்பின் உள்தோல் நாளடைவில் நசுங்கிப் புண்ணாகும், துளை சரியாக மூடாது. உள்ளங்கையில் காம்பை முழுதாகப் பிடித்து மேலிருந்து கீழாக விரல்களை அழுத்திக் கறப்பதுதான் மாட்டுக்கும் நல்லது, கறப்பவர் கைக்கும் நல்லது. பாலையோ எச்சிலையோ தொட்டுக் கறப்பது வேண்டவே வேண்டாம்.

கறவை இயந்திரம் வைத்திருப்பவர்கள் காம்பில் மாட்டும் ரப்பர் உறையை (லைனர்) கிழியும்வரை ஓட்டாதீர்கள். சுமார் 2,500 கறவை ஆனதும் மாற்ற வேண்டும்.

கறந்த பிறகு காம்பை மருந்தில் முக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு முக்கியமா?

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக்குப் பக்கத்தில் ஷின்ஃபீல்டில் இருந்த தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் நீவ், டாட், கிங்வில் முதலானவர்கள் 1960களில் பண்ணைகளிலேயே வைத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு கறவைக்கும் பின் காம்பை முக்குவது, வற்றவிடும்போது மருந்து விடுவது, வெளிப்படையாக நோய் வந்தால் உடனே வைத்தியம், தீராத மாட்டைக் கழிப்பது, இயந்திரத்தைப் பராமரிப்பது என்ற ஐந்தும் அங்கிருந்து வந்தவைதான். காம்பு முக்குவதால் மட்டுமே புதுத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஏற்கெனவே உள்ளே போய்விட்ட கிருமியை அது ஒன்றும் செய்யாது. அதனால் முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியாது. ‘மூணு வாரம் முக்கினேன், ஒண்ணும் ஆகலை’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

0.5 விழுக்காடு அயோடின் உள்ள காம்புக் கரைசல் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். சிறு குவளையில் ஊற்றிக் காம்பின் கீழ்ப்பகுதி நனைய முக்க வேண்டும். சாணி விழுந்த கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

அதோடு, கறந்து முடித்ததும் தொட்டியில் பசுந்தீவனமோ வைக்கோலோ போடுங்கள். மாடு தின்றுகொண்டே அரைமணி நேரம் நிற்கும். துளை மூடும்வரை அது படுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் உண்மையிலேயே கேட்குமா?

இது வெறும் பாட்டி வைத்தியமாக நிற்கவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி இதை அளவோடு வகுத்துக் கொடுத்தார். தேசிய பால்வள வாரியம் அதை எடுத்து நாடு முழுக்கப் பால் சங்கங்களில் பரப்பியது.

அளவு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். முள்ளை நீக்கி, தோலோடு மூன்றையும் அரைத்தால் செங்காவி நிறத்தில் விழுது வரும். அதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் இளக்கி, மடியைக் கழுவிப் பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடி முழுதும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து தடவை, ஐந்து நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சையை நறுக்கித் தின்னக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பலருக்குக் கேட்காமல் போவதற்குக் காரணம் அந்த ‘பத்து தடவை’தான். காலை ஒன்று, மாலை ஒன்று பூசிவிட்டு மருந்தைக் குறை சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் கறந்து வெளியேற்றுவதும் மருந்தில் பாதி. லேசான வீக்கத்துக்கும் ஆரம்ப நிலைக்கும் நான் இதைத் தயங்காமல் சொல்வேன். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ இதை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஊசி போட்டோம், காம்பில் ட்யூப் விட்டோம். பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. மருந்து போலியா?

பெரும்பாலும் மருந்தில் பிழை இருக்காது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் சிறுசிறு சீழ்க்கட்டிகளாகப் பதுங்கும், தன்னைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்ளும், நம் மாட்டின் அணுவுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மருந்து அங்கே போய்ச் சேராது. வயதான மாடு, பலநாள் தொற்று, ஒன்றுக்கு மேற்பட்ட காம்பு என்றால் குணமாகும் வாய்ப்பு இன்னும் குறைவு. மூன்றாவது ட்யூபுக்குப் பணம் செலவழிப்பதைவிட, பால் வற்றும்போது வைத்தியம் பார்ப்பது அல்லது அந்தக் காம்பை நிரந்தரமாக வற்றவிடுவது லாபம். அதை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

இன்னொரு காரணம், எந்தக் கிருமி என்று பார்க்காமலே மருந்து போடுவது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. லேசான மடிநோய் வந்த மாடுகளின் பாலில் உள்ள கிருமியை ஒரு நாள் வளர்த்துப் பார்த்து, தேவைப்பட்டவற்றுக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஆன்டிபயாட்டிக் பயன்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கிருமியே வளராத பாலும், மாடு தானாகவே விரட்டிவிட்ட ஈ. கோலையும் அவ்வளவு இருந்தன.

நாமும் மருத்துவர் மூலம் பால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறோம். கையைச் சோப்பால் கழுவி, முதல் சில பீய்ச்சலைக் கழித்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைப் பஞ்சில் அழுக்கு ஒட்டாத வரை துடைக்க வேண்டும். துடைக்கும்போது எட்ட இருக்கும் காம்பு முதலில், பால் எடுக்கும்போது கிட்ட இருக்கும் காம்பு முதலில். அப்போதுதான் துடைத்த காம்பில் கை படாது. கிருமி நீக்கிய புட்டியைச் சாய்த்துப் பிடித்து, மூடியின் உட்பக்கம் எதிலும் படாமல், சில மில்லி எடுத்தால் போதும். ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மருந்து விட்ட மாட்டுப் பாலை என்ன செய்வது? காய்ச்சினால் சரியாகிவிடாதா?

ஆகாது. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் காய்ச்சினால் அழிவதில்லை. மருந்து உறையில் எத்தனை நாள் பாலைத் தள்ள வேண்டும் என்று போட்டிருக்கும். கடைசி மருந்து கொடுத்த நேரத்திலிருந்து அதைக் கணக்கிட வேண்டும். ஒரு காம்பில்தான் மருந்து விட்டோம் என்று மற்ற மூன்றின் பாலை ஊற்றுகிறார்கள். ரத்தம் வழியாக அந்த மூன்றுக்கும் மருந்து போகும்.

பால் வாங்கும் வீட்டில் ‘ரெண்டு நாளா உறை ஊத்தின பால் தயிராகவே மாட்டேங்குது’ என்றால், பல நேரம் இதுதான் விஷயம். உறைமோரில் உள்ள நல்ல கிருமியை அந்த மருந்து கொன்றுவிடுகிறது.

மருந்தே போடாத மடிநோய்ப் பாலும் ஆகாது. ஆரியஸ் பாலில் விட்டுவைக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் சாகாது, வாந்தி பேதி வரும். குன்றக்குடிக்குப் பால்குடம் எடுக்கக் கேட்டு வந்தாலும் அந்த மாட்டுப் பாலைக் கொடுக்காதீர்கள்.

சினை மாட்டுக்குப் பால் வற்றிய பிறகு மடியைப் பற்றி என்ன கவலை?

நம் ஆட்கள் மாட்டை மறந்துவிடும் இரண்டு மாதம் அது. புதுத் தொற்று அதிகம் நுழைவது வற்றவிட்ட முதல் இரண்டு வாரத்திலும், ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரத்திலும்தான். கறப்பதை நிறுத்தினால் காம்புத் துளையில் கெரட்டின் அடைப்பு உருவாகி மூடிக்கொள்ள வேண்டும். எல்லாக் காம்பும் மூடுவதில்லை. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில் 6 வாரம் கழித்தும் ஏறக்குறைய நாலில் ஒரு காம்பு திறந்தே இருந்தது.

ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறப்பதை நிறுத்துங்கள். அடர்தீவனத்தைக் குறைத்துப் பாலை இறக்கி, கடைசியாக முழுக்கக் கறந்துவிட்டு, தேவைப்பட்டால் நீண்ட நாள் வேலை செய்யும் வற்றுக்கால மருந்தை மருத்துவர் ஒவ்வொரு காம்பிலும் விடுவார். ஆரியஸை ஒழிக்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பும் இதுதான். எல்லா மாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாட்டிக் விடும் காலம் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து அதைத் தடுத்துவிட்டது. தொற்றில்லாத மாட்டுக்குக் காம்புத் துளையை அடைக்கும் பிஸ்மத் பசை மட்டும் போதும் என்பதுதான் இப்போதைய போக்கு.

தடுப்பூசி கிடையாதா?

கோமாரிக்கு இருப்பது போல நம்பிப் போடும்படி ஒன்றும் இல்லை. ஈ. கோலைக்கு எதிரான ஜே5 தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கும், தொற்றைத் தடுக்காது. 2005இல் அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் ஆரியஸைக் கொல்லும் லைசோஸ்டாஃபின் என்ற நொதியைப் பாலிலேயே சுரக்கும்படி ஜெர்சிப் பசுக்களை மரபணு மாற்றிக் காட்டினார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஆனால் நம் தொழுவத்துக்கு வரவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் எங்களுக்குத் தொல்லை அதிகம்.

கொட்டகைத் தரையில் ஈரமும் சாணியும் சேர்ந்தால் முன்னே சொன்ன இரண்டாம் கூட்டக் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். படுக்கைக்கு மணல்தான் சிறந்தது, அதில் கிருமிக்குத் தின்ன ஒன்றும் இல்லை. காரைக்குடி மர அறுவை ஆலையிலிருந்து மலிவாக மரத்தூள் வாங்கிப் பரப்புகிறவர்கள் அது காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, அடிக்கடி மாற்றுங்கள். ஈர மரத்தூளும் க்ளெப்சியெல்லா மடிநோயும் சேர்ந்தே வருவதை ஆராய்ச்சி பலமுறை பார்த்திருக்கிறது. தரையில் ஒரு பக்கம் வாட்டம் இருந்தால் மூத்திரம் தேங்காது.

நாட்டு மாட்டுக்கு இது வராதாமே?

வரும், குறைவாக வரும். புலிக்குளம் மாட்டின் மடி சிறியது, உடம்போடு ஒட்டியிருக்கும், கறவையும் கொஞ்சம். தொங்கு மடியும் அதிகப் பாலும் உள்ள கலப்பினத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

எந்த நிலையில் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்?

பால் தண்ணீராகவோ மஞ்சள் நீராகவோ வருவது, காய்ச்சல் அடித்துப் பிறகு காது சில்லிடுவது, அசை போடாமல் நிற்பது, எழ முடியாமல் படுத்துவிடுவது, மடி நீலம் பாய்ந்து குளிர்ந்துபோவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஈ. கோலையின் நஞ்சு ரத்தத்தில் ஏறினால் ஒரு ராத்திரியில் மாடு போய்விடும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தைக் கூப்பிடுங்கள், ஆள் இல்லாவிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. காத்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை அந்தக் காம்பைக் கறந்து வெளியேற்றிக்கொண்டே இருங்கள்.

சந்தையில் மாடு வாங்கும்போது மடியை எப்படிப் பார்ப்பது?

மடி பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். கறந்த பிறகு பாருங்கள். நல்ல மடி கறந்ததும் துணிப்பை மாதிரி தொய்ந்து சுருங்கும். தொற்று இருந்த மடியில் அழுத்தினால் உள்ளே கட்டி கட்டியாக, கெட்டியாகத் தட்டுப்படும். நாலு பங்கும் ஒரே அளவா, காம்பு நுனியில் வெடிப்போ சொரசொரப்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விற்கிறவர் ‘ஒரு காம்பில் பால் கொஞ்சம் கம்மிதாண்ணே, கன்னு குடிச்சிருச்சு’ என்றால் அந்தக் காம்பின் பாலைச் சோப்புத்தூள் கரைசலில் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்கி வந்ததும், உங்கள் மாடுகளோடு கட்டுவதற்கு முன், நாலு காம்பையும் இன்னொரு தடவை சோதியுங்கள். முடிவு தெரியும்வரை அதைக் கடைசியில் கறங்கள்.